கைவழிப் பேச்சு



வானொலி செவிக்கு உரியது. கண்பார்வை இழந்த ஒருவர் இதனைக் கேட்டுக்கொள்ளலாம். கேள்விப்புலன் இழந்த ஒருவர், இப்பேச்சு பின்னர் அச்சேறும்போது படித்துக்கொள்ளலாம். இவ்விரு வாயில்களும் பிறவியிலேயே அடைபட்ட குழந்தைகளும் நம்மிடையே உள்ளனர். ஒலியும் அவர்களுக்கு எட்டாது, அச்சும் எட்டாது. அத்தகைய குழந்தைக்குப் பேச்சு என்பது எவ்வழியாக வந்து சேரும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். அக்குழந்தை நான் சொல்வதைக் கேளாது. ஆயின் அதன் தாய் கேட்பாள். தந்தை, பாட்டி, அடுத்த வீட்டார் கேட்பார்கள். அவர்களை முன்னிட்டே பேசுகிறேன்.

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவில் அக்குறணையைக் கடந்து சென்றால் அலவத்துகொட வரும். அங்கே மலைச்சரிவில் அமைந்த ஒரு வீட்டை மனத்திலே கொள்ளுங்கள். குறித்த எந்த வீட்டையும் நான் சுட்டவில்லை. இப்படியும் இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கவே சொல்கிறேன். வீட்டைச் சுற்றிப் பலாவும் கமுகும் நிற்கின்றன. மரந்தோறும் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. கராம்பு மரம் இரண்டு, சாதிக்காய் மரம் ஒன்று. அவ்வீட்டில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று உண்டு. அது பிறவியிலேயே காணாது, கேளாது. "பாவம், அதற்கு ஒன்றுமே தெரியாது" என்று ஊரார் சொல்லிச் செல்கிறார்கள்.

இந்தக் கூற்றைத்தான் முதலில் ஆராய வேண்டும். அக்குழந்தைக்கு ஒன்றும் தெரியாதா? தை மாசிக் காலத்தில் கராம்பு மொட்டுகளைப் பாயிலே பரப்பி உலர்த்தும்போது முற்றம் முழுவதும் எழும் காரமணத்தை அது அறியும். பாரமேற்றிய லொறி பெருந்தெருவிற் செல்லும்போது திண்ணை அதிர்வதை அறியும். காலை வெயில் எந்தப் பக்கத்துக் கன்னத்திற் படுகிறது, மாலை வெயில் எந்தப் பக்கத்திற் படுகிறது என்பதை அறியும். தன்னைத் தூக்குகிறவள் தாயா, பாட்டியா என்பதை வளையலின் தடிப்பினாலும் சேலையின் மணத்தினாலும் உடனே அறிந்துவிடும். கண்டி எசல பெரஹராவின் முரசுகளுக்கு அருகே அதனைக் கொண்டு சென்றால், அந்த அதிர்வை நெஞ்சாலே வாங்கிக்கொள்ளும். இத்தனையும் அறிவுதான். அறிவு இல்லாமை வேறு. அறிந்ததைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள வழியில்லாமை வேறு. ஊரார் இரண்டாவதைக் கண்டு முதலாவது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். இரு புலனும் குறைந்தவர் என்று சொல்லப்படுவோரிற் பெரும்பாலானோர்க்கு அவ்விரண்டும் முற்றாக இல்லாமற் போவதில்லை. சிறிது ஒளியோ, உரத்த ஓசையில் ஒரு சிறு பகுதியோ எஞ்சியிருக்கும். அந்த மிச்சம் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் காட்டி அறிந்து, அதனைப் பயன்படுத்துவது முதற்கடமை.

இத்தகைய குழந்தைக்கு மொழி கற்பிக்கலாம் என்பதை உலகத்தார் அறிந்துகொண்டது இருநூறு ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்தில்தான். அமெரிக்காவில் 1829 இற் பிறந்த லோரா பிரிட்ஜ்மன் என்னும் சிறுமி, இரண்டு வயதிலே கண்ட கடுங்காய்ச்சலால் பார்வையையும் கேள்வியையும் இழந்தாள். 1837 இல் அவளைப் பொஸ்டன் நகரத்துப் பார்வையற்றோர் பாடசாலைக்கு அழைத்துக்கொண்டவர் சாமுவேல் கிரிட்லி ஹவ் என்ற மருத்துவர். கரண்டி, கத்தி, திறப்பு முதலிய பொருள்களின்மீது, அவற்றின் பெயரை மேடாக எழுந்துநிற்கும் எழுத்துகளில் அமைத்து ஒட்டினார். எந்தப் பெயர்த்துண்டு எந்தப் பொருளுக்கு உரியது என்று சிறுமி தடவிப் பார்த்துப் பொருத்தப் பழகினாள். பின்னர் அவர் பெயரைத் தனித்தனி எழுத்துகளாகப் பிரித்துக் கொடுத்துச் சேர்க்கச் செய்தார். பல வாரங்கள் அவள் செய்தது வெறும் ஏவலாட்டமே; சொன்னதைச் செய்தால் தலையைத் தடவிக் கொடுப்பார்கள், அதற்காகச் செய்தாள். ஒருநாள் இதன் கருத்து அவளுக்கு விளங்கிற்று. தன் உள்ளத்தில் உள்ளதற்குத் தானே ஒரு குறியமைத்து மற்றொருவருக்குக் காட்டலாம் என்பதை உணர்ந்தாள். அவள் முகமே மாறிவிட்டது என்று ஹவ் எழுதிவைத்தார். 1842 இல் ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் அவளைக் கண்டு, தமது பயண நூலில் எழுதினார். அந்த நூலைப் பல்லாண்டு கழித்து அலபாமா மாநிலத்தில் ஒரு தாய் படித்தாள். அவளுடைய மகள்தான் ஹெலன் கெலர்.

ஹெலன் கெலருடைய கதை தமிழ்ப் பாடநூல்களிலும் வந்திருக்கிறது. 1880 இற் பிறந்தார். பத்தொன்பது மாதக் குழந்தையாயிருந்தபோது நோயுற்றுக் கண்ணும் செவியும் இழந்தார். 1887 மார்ச் 3 ஆந் திகதி ஆன் சலிவன் என்னும் இருபது வயது ஆசிரியை வந்து சேர்ந்தார். ஏப்ரில் 5 ஆந் திகதி, தண்ணீர் இறைக்கும் குழாயடியில், ஒரு கையிலே நீர் விழ, மறு கையிலே ஆசிரியை "நீர்" என்னும் சொல்லை விரலெழுத்துகளால் எழுதிக்காட்ட, எல்லாம் விளங்கிற்று. நாடகமாகவும், 1962 இல் திரைப்படமாகவும் உலகம் கண்டு கண்ணீர்விட்ட காட்சி அது.

அந்தக் காட்சியின்மீது எனக்கு ஒரு குறை உண்டு. அது பொய்யன்று, ஆயினும் தாய்மாரைத் தவறாக வழிநடத்துகிறது. குழாயடிக்குக் குழந்தையை அழைத்துச் சென்று கையில் எழுதினால் ஒருநாள் கதவு திறந்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். திறக்காதபோது, "என் குழந்தைக்கு அந்தப் புத்தி இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஆகவே, அந்த நாளுக்கு முன் என்ன நிகழ்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

முன் நிகழ்ந்தவற்றில் முதலாவது: ஆன் சலிவன் வருவதற்கு முன்பே ஹெலனிடம் அறுபது வரையிலான சைகைகள் இருந்தன. அவற்றை யாரும் கற்பிக்கவில்லை. பாண் வேண்டுமாயின் வெட்டி வெண்ணெய் பூசுவதுபோலக் காட்டுவாள். ஐஸ்கிறீம் வேண்டுமாயின் அதனைச் செய்யும் பொறியைச் சுற்றுவதுபோலக் காட்டிக் குளிரால் நடுங்குவாள். சமையற்காரியின் மகள் ஒருத்தி அவளோடு விளையாடுவாள். அச்சிறுமி இச்சைகைகளை நன்றாக விளங்கிக்கொண்டு நடந்தாள். ஆக, தரிசு நிலத்திலே விதை விழவில்லை. உழுத நிலம் அது.

இரண்டாவது: 19 மாதம் வரை அவள் கண்டும் கேட்டும் வளர்ந்தவள். ஆதலால் பிறவியிலேயே இரு புலனும் இல்லாத குழந்தையோடு அவளை ஒப்பிட்டு நாட்கணக்குப் பார்ப்பது நியாயமன்று.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. அது குழாயடிக்குப் பின்னர் நிகழ்ந்தது. ஆன் சலிவன் முதலில் நேரம் குறித்துப் பாடம் நடத்தினார். பின்னர் அந்த வீட்டாரின் உறவிலிருந்த பதினைந்து மாதக் குழந்தை ஒன்றைக் கூர்ந்து நோக்கினார். அக்குழந்தைக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. அதனைச் சூழ இருந்தோர் முழு வாக்கியங்களில் ஓயாது பேசினர்; குழந்தை தான் சொல்லத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே பலவற்றை விளங்கிக்கொண்டது. "அந்தக் குழந்தையின் செவியிற் பேசுவதுபோல ஹெலனுடைய கையிற் பேசுவேன்" என்ற முடிவுக்கு ஆசிரியை வந்தார். பாடவேளை ஒழிந்தது. காலையிலிருந்து இரவு வரை, தோட்டத்திலும் ஆற்றங்கரையிலும் உணவு மேசையிலும், கையிலே பேச்சு ஓடிக்கொண்டேயிருந்தது. ஹெலனை 1904 இற் பட்டதாரியாக்கிய அடிப்படை இதுவே என்பேன். 1955 இல் அவர் இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு வயது எழுபத்தைந்து நெருங்கிற்று. அவருடைய ஆசிரியை 1936 இலேயே மறைந்துவிட்டார். வேறொரு கை அவர் கையிற் பேசிக்கொண்டிருந்தது.

பிறவியிலேயே இரு புலனும் இல்லாதிருந்த குழந்தைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின் பிரான்ஸ் தேசத்துக்குச் செல்ல வேண்டும். 1885 இற் பிறந்த மரி எர்த்தன் என்ற சிறுமியைப் பத்து வயது நெருங்கும்போது, 1895 இல், புவாத்தியே நகருக்கு அருகிலுள்ள லார்னே கன்னியர் மடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவள் உருண்டாள், கத்தினாள், கடித்தாள். சாந்த் மார்கரீத் என்னும் அருட்சகோதரி ஒருவர் அவளை ஏற்றுக்கொண்டார். சிறுமி தன் வீட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு மடக்குக் கத்தியைக் கொண்டுவந்திருந்தாள், அதனைக் கைவிடமாட்டாள். அதனைச் சகோதரி கவனித்தார். ஒருநாள் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார். பெரும் ஆரவாரம் எழுந்தது. அப்போது அவள் கைகளைப் பிடித்து, ஒரு கையை மற்றக் கையின்மேல் வைத்து அறுப்பதுபோல ஒரு குறியைச் செய்வித்து, உடனே கத்தியைக் கொடுத்தார். மீண்டும் வாங்கினார். மீண்டும் குறி, மீண்டும் கத்தி. ஒரு முறை, எவரும் கையைப் பிடிக்காமலே, சிறுமி தானாக அக்குறியைச் செய்தாள். பின்னர் முட்டைக்கு ஒரு குறி, பாணுக்கு ஒரு குறி எனத் தொடர்ந்தது. அவள் விரலெழுத்தும் பிறெயிலும் கற்றாள். தன்போன்று வந்த மற்றச் சிறுமியருக்குத் துணையுமானாள்.

பிடித்த பொருளைப் பறித்து அழவைத்துக் கற்பிப்பதா என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய ஆசிரியர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள், செய்யவும் வேண்டியதில்லை. ஆயினும் அந்தச் சகோதரி கண்ட உண்மை ஒன்று உண்டு. லோராவுக்கு ஹவ் முதலிற் கொடுத்தவை ஆசிரியருக்கு வேண்டிய சொற்கள். மரிக்குச் சகோதரி கொடுத்தது மரிக்கு வேண்டிய சொல். கேட்க வேண்டும் என்ற விருப்பம் இருந்தாலன்றிக் கேட்பதற்கு ஒரு குறி பிறவாது.

நமது வீடுகளில் நிகழ்வது யாது? குழந்தை பசிக்குமுன் ஊட்டிவிடுகிறோம். தாகம் எடுக்குமுன் வாயிலே கோப்பையை வைக்கிறோம். எங்கேனும் தடுக்கி விழுமே என்று தூக்கி வைத்துக்கொண்டே திரிகிறோம். பாட்டிமார் இதிலே மிக வல்லவர்கள். இது அன்பு; ஐயமில்லை. ஆனால் கேளாமலே யாவும் கிடைக்கும் குழந்தைக்குக் கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை. அதன் உலகத்திலே உணவு வானத்திலிருந்து வாயில் விழுகிறது. திடீரென்று இரண்டு கைகள் தோன்றி அதனைத் தூக்குகின்றன, பின் மறைகின்றன. ஏன் தூக்கின, எங்கே கொண்டுபோகின்றன என்பது தெரியாது. குழந்தை வீறிட்டு அழுதால் "குணம் கெட்டது" என்கிறோம். கண்ணைக் கட்டி, செவியை அடைத்து, சொல்லாமற் கொள்ளாமல் நம்மையும் ஒருவர் நாளுக்கு இருபது முறை தூக்கிச் சென்றால் நமக்கும் குணம் கெடும்.

ஆகவே வீட்டிற் செய்ய வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

குழந்தையிடம் செல்லும்போது, முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள். எப்படி? தோளிலே மென்மையாகத் தொட்டு, பின்னர் உங்களுக்கென்று அமைந்த அடையாளத்தைக் காட்டுங்கள். தாய் தன் வளையலைத் தொடச் செய்யலாம். பாட்டனார் தம் தாடியை. அண்ணன் தன் கைக்கடிகாரத்தை. ஒவ்வொரு முறையும் அதே அடையாளம். அதன்பின் தூக்குவதாயின், அக்குளில் இரு முறை மெல்ல உயர்த்திக் காட்டிவிட்டுச் சிறிது பொறுத்துத் தூக்குங்கள். அந்தச் சிறிது பொறுத்தலை விட்டுவிடலாகாது. குழந்தை உடலை இறுக்குகிறதா, கையை உயர்த்துகிறதா என்று பாருங்கள். அதுதான் அதன் மறுமொழி.

அடுத்தது கை. நாம் வழக்கமாகக் குழந்தையின் கையை மேலிருந்து பற்றி, நாம் விரும்பிய இடத்துக்கு இழுக்கிறோம். கண்ணில்லாத குழந்தைக்குக் கையே கண். ஒருவர் உங்கள் தலையைப் பிடித்துத் திருப்பித் திருப்பி "இதைப் பார், அதைப் பார்" என்றால் எப்படியிருக்கும்? உங்கள் கையைக் குழந்தையின் கைக்குக் கீழே வையுங்கள். மிளகைக் காம்பிலிருந்து உருவும்போதும், தேங்காய் துருவும்போதும், சவர்க்காரத்தைத் தேய்க்கும்போதும் குழந்தையின் கை உங்கள் கைமேல் படிந்திருக்கட்டும். விரும்பினால் அது தொடரும், விரும்பாவிடின் எடுத்துக்கொள்ளும். கற்பித்தலில் இவ்வளவு எளிய மாற்றம், இவ்வளவு பெரிய பயனைத் தருவது வேறொன்றும் எனக்குத் தெரியாது.

மூன்றாவது, பொருளே சொல்லாவது. குளிக்கப் போகுமுன் துவாயின் ஒரு துண்டைக் கையிலே கொடுங்கள். உணவுக்கு முன் கரண்டி. வெளியே செல்லச் செருப்பு. நாள்தோறும் தவறாது கொடுத்துவந்தால், துவாய்த்துண்டு "குளிப்பு" என்னும் சொல்லாகிவிடும். 1960 களில் ஜேர்மன் அம்மை நோயினால் இரு புலனும் இழந்து பிறந்த குழந்தைகள் பல நாடுகளிற் பெருகியபோது, நெதர்லாந்து தேசத்தில் யான் வான் டைக் என்னும் அறிஞர் இத்தகைய முறைகளை வளர்த்தெடுத்தார். அவருடைய வழியில், அறைகளாகத் தடுத்த ஒரு நீண்ட பெட்டியில் அன்றைய நிகழ்ச்சிகளுக்குரிய பொருள்களை வரிசையாக வைப்பார்கள். குழந்தை இடப்பக்கத்திலிருந்து தடவிவரும். முடிந்த நிகழ்ச்சியின் பொருளை எடுத்து வேறொரு கூடையிலே போடும். கடிகாரத்தையோ சூரியனையோ காணாத குழந்தைக்கு "முடிந்தது", "இனி வரும்", "இன்று இல்லை" என்னும் காலக்கருத்துகள் இப்பெட்டியினால் வந்து சேர்கின்றன. அலவத்துகொட வீட்டில் இதற்குக் காசு செலவில்லை. சவர்க்காரப் பெட்டிகளை வரிசையாக ஒட்டினாற் போதும்.

இவ்வாறு சில மாதங்கள், சில குழந்தைகளுக்குச் சில ஆண்டுகள் சென்றபின், ஒரு சிறு நிகழ்ச்சியை எதிர்பார்த்திருங்கள். கராம்பு காய வைக்கும் நாட்களில் மொட்டு ஒன்றைக் குழந்தையின் விரலிடையே வைத்து உருட்டி, மூக்கருகே கொண்டுசென்று, விரல்நுனிகளை உரசும் ஒரு குறியை நீங்கள் காட்டிவந்திருப்பீர்கள். பாய்களைச் சுருட்டியாயிற்று; மணமும் போயிற்று. அதன்பின் ஒருநாள் குழந்தை உங்கள் கையைத் தேடிப் பிடித்து அந்தக் குறியைச் செய்யும். அங்கே கராம்பு இல்லை. இல்லாத ஒன்றைப்பற்றி அது கேட்கிறது. கைக்கெட்டிய கரண்டியைச் சுட்டுவதிலும் இது மேலானது. மொழி பிறந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. அந்த வேளையில் "அது ஏதோ கையை ஆட்டுகிறது" என்று எழுந்து போய்விடாதீர்கள். "முடிந்தது, பின்னர் வரும்" என்று மறுமொழி கொடுங்கள். மறுமொழி பெறாத கேள்வி இரண்டு மூன்று முறைக்குமேல் எழாது.

எந்த மொழியிற் கற்பிப்பது என்ற கேள்வி நம் நாட்டில் உடனே எழும். அலவத்துகொடையிலே தமிழ் பேசும் முஸ்லிம்களும், சிங்களவரும், தமிழரும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். தொடுகுறிகள் வாய்மொழி எதற்கும் உரியனவல்ல. துவாய்த்துண்டுக்குத் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்மணியும் அதே பத்துக் குறிகளைக் கற்றுக்கொண்டால், அக்குழந்தைக்கு இரண்டு வீடுகள் கிடைக்கின்றன. பெரியவர்கள் ஒருவர் மொழியை ஒருவர் அறியாது வேலியின் இருபுறமும் நின்று சிரித்துக்கொண்டிருக்க, குழந்தை மட்டும் இருவரோடும் பேசும்.

எழுத்துக்கு வரும்போது ஒரு மொழியைத் தெரிந்தேயாக வேண்டும். தமிழில் 247 எழுத்துகள் உள்ளனவே, இத்தனைக்கும் விரற்குறி அமைப்பது எப்படி என்று சிலர் மலைக்கிறார்கள். மலைக்க வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. முப்பத்தொன்றைக் கொண்டு எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளலாம். பிறெயில் எழுத்தும் ஏறக்குறைய இவ்வழியையே மேற்கொள்கிறது: மெய்யை இட்டு உயிரை அடுத்து இடுவது. பிறெயிலுக்கு வேண்டியவை ஆறு புள்ளிகள் மாத்திரமே.

அந்த ஆறு புள்ளிகளை வைத்து ஜப்பானில் ஒரு தாய் செய்த செயலை இங்கே கூறத்தான் வேண்டும். 1962 இற் பிறந்த சத்தோஷி புக்குஷிமா ஒன்பது வயதிற் பார்வையையும் பதினெட்டு வயதிற் கேள்வியையும் இழந்தார். பிறெயில் அவருக்கு முன்பே தெரியும். 1981 இல் ஒருநாள், பிறெயிற் பொறி அருகில் இல்லாத வேளையில், தாயார் ரெய்க்கோ மகனுடைய இரு கைகளின் மும்மூன்று விரல்களை அப்பொறியின் ஆறு விசைகளாகக் கொண்டு, அவற்றின்மேல் தம் விரல்களால் தட்டினார். "விளங்குகிறதா?" என்பதே கேள்வி. விளங்கிற்று. எந்தப் பள்ளியிலும் எவரும் வகுத்துத் தராத முறை அது. அவர் பின்னர் தோக்கியோ பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். அவர் மொழி வந்தபின் புலனிழந்தவர். நாம் பேசும் நான்கு வயதுக் குழந்தையின் நிலை வேறு. ஆனால் முறை தமிழுக்கும் நன்றாகப் பொருந்தும். ஆறு விரல்களுக்கு மேல் தமிழ் நம்மிடம் எதுவும் கேட்கவில்லை.

முன்பு எழுதப் படிக்கத் தெரிந்து, முதுமையிலோ நோயினாலோ இரண்டையும் இழந்தவர்களுக்கு இன்னும் எளிய வழியுண்டு. அவர்கள் உள்ளங்கையில் உங்கள் சுட்டுவிரலால் எழுத்துகளை ஒன்றன்மேலொன்றாகப் பெரிதாக எழுதலாம். ட, ப, ம போன்றவை உடனே புரியும். இ, ண போன்ற சுழியுடைய எழுத்துகள் சற்றுத் தடுமாறச் செய்யும். மெல்ல எழுதினால் அவையும் பழகிவிடும்.

இக்குறை வருமுன் காத்தல் பற்றியும் சிறிது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு வரும் ஜேர்மன் அம்மை குழந்தையின் கண்ணைத் தாக்குகிறது என்பதை 1941 இல் அவுஸ்திரேலிய மருத்துவர் நோர்மன் கிறெக் கண்டறிந்தார். செவியும் இதயமும் அவ்வாறே தாக்கப்படுவது பின்னர்த் தெரியவந்தது. இலங்கையில் 1996 இல் இதற்கெதிரான தடுப்பூசி தொடங்கப்பட்டது. 2020 இல், இந்நோயை நாட்டிலிருந்து அகற்றிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. பெருமைப்பட வேண்டிய செய்தி. தடுப்பூசியைக் கைவிட்டால் நிலைக்காத செய்தி. மற்றொரு காரணம் அஷர் நோய். இதில் குழந்தை பிறவியிலேயே செவிக்குறையோடு பிறக்கும். பார்வை பின்னர் மெல்லக் குறுகிவரும். தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபுக்கூறு சேரும்போது இது தோன்றுகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவிலே மணம் முடிக்கும் குடும்பங்களில் அவ்வாறு சேர்வதற்கு வாய்ப்பு அதிகம். செவிகேளாத உங்கள் பிள்ளை மாலை மயங்கும் வேளையிற் படிகளில் தடுக்குகிறதா, இருட்டினால் வெளியே வர மறுக்கிறதா என்று பாருங்கள். பார்த்தால், குறும்பு என்று அதட்டாமற் கண் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பார்வை எஞ்சியிருக்கும்போதே தொடுமொழியையும் பிறெயிலையும் தொடங்கிவிடுவது பேருதவியாகும்.

பள்ளிகளைப்பற்றி ஒரு சொல். மேரி சப்மன் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1912 இற் தொடங்கியதே இரத்மலானையில் உள்ள செவிப்புலன், விழிப்புலன் இழந்தோர் பாடசாலை. யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1956 இல் நபீல்ட் பாடசாலை தமிழ்ப் பிள்ளைகளுக்காக எழுந்தது. இத்தகைய பாடசாலைகள் நெடுங்காலமாகக் கேளாதாரை ஒரு பக்கத்திலும் காணாதாரை மறுபக்கத்திலும் அமர்த்திக் கற்பித்து வந்துள்ளன. காணாத பிள்ளைக்கு ஓசையாற் கற்பிக்கிறோம். கேளாத பிள்ளைக்குக் காட்சியாற் கற்பிக்கிறோம். இரண்டும் அற்ற பிள்ளை எந்தப் பக்கத்தில் அமரும்? அப்பிள்ளைக்கென்றே ஓர் ஆசிரியரின் இரு கைகளும் வேண்டும். ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு அங்கே செல்லாது. இந்தியாவில் இதனை உணர்ந்து 1977 இல் பெரோஸ் வாச்சா என்னும் அம்மையார் பம்பாயில் ஹெலன் கெலர் பெயரால் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். இங்கு நிரப்ப வேண்டிய இடம் இன்னும் பெரிது என்றே எனக்குப் படுகிறது.

அலவத்துகொடையிலிருந்து ஒரு குழந்தை விடுதிப் பள்ளிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைக்கிறீர்கள். அதனோடு ஒரு சிறு கொப்பியையும் வையுங்கள். அதில் எழுத வேண்டியது இதுதான்: வளையல் என்றால் அம்மா. மார்பிலே இருமுறை தட்டினால் இன்னும் வேண்டும் என்பது. கையைத் தள்ளினால் வேண்டாம் என்பது. விரல்நுனிகளை உரசி மூக்கருகே கொண்டுசென்றால் கராம்பு. அது மகிழ்ச்சியாயிருக்கும்போதும் அந்தக் குறியையே செய்யும். தூங்குமுன் வலது உள்ளங்கையைத் தடவிவிட வேண்டும். இந்தக் கொப்பி இல்லாமற் சென்றால், நான்கு ஆண்டுகள் உழைத்துக் குழந்தை சேர்த்த சொற்கள் யாவும் விடுதியின் வாயிலிலே நின்றுவிடும். அது கையை ஆட்டும்; எவருக்கும் விளங்காது. அங்குள்ள ஆசிரியை முதல்நாள் மாலையே அக்கொப்பியைப் படித்து, வளையல் ஒன்றைக் கையிற் போட்டுக்கொள்ளாமல், தமக்கென்று வேறோர் அடையாளத்தைத் தெரிந்துகொள்ளட்டும். வளையல் அம்மாவுக்கு உரியது.